ஈயமா, ரெசினா, பிளாஸ்டரா: வீட்டில் சிப்பாய் வார்க்க எது தோது?

ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்துபோன கதை பல குடும்பங்களில் உண்டு. எங்கள் வீட்டில் அதைச் செய்தது சித்தி. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்த் திரும்புவதற்குள் சொம்புக்கு அடி இல்லை. பர்னரைச் சுற்றிப் பாதரசம் போல ஒரு குளம். ஆறிய கட்டியைத் திருப்பிப் பார்த்தால் பர்னரின் துளை, பள்ளம், கீறல் எல்லாம் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. பல வருடம் கழித்து நான் பொம்மைச் சிப்பாய் வார்க்கத் தொடங்கியபோது செய்ததும் அதே வேலைதான். சித்தி அச்சு வைக்காமல் செய்தார், அவ்வளவே வித்தியாசம்.

இதில் இறங்க நினைக்கிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: உலோகத்தில் வார்ப்பதா, கலந்து ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவமான ரெசினிலா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலா? காணொளிகளைப் பார்த்தால் மூன்றும் சுலபமாகத் தெரியும். விலை, கனம், நுணுக்கம், ஆபத்து என்று வரிசையாக ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் போகிறேன். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அதற்கெல்லாம் முன்னால் யோசிக்க வேண்டியது, கெட்டுப்போன பொம்மையை என்ன செய்வது என்பதை. முதல் நாள் நீங்கள் வார்க்கிற இருபதில் பதினைந்துக்குத் துப்பாக்கி முனை இருக்காது. இரண்டொன்றுக்குத் தலையே இருக்காது. உலோகமானால் அந்தப் பதினைந்தும் திரும்ப உருக்கும் கரண்டிக்குள் போய் மறுபடி சிப்பாயாக வரும். ரெசினும் பிளாஸ்டரும் நேராகக் குப்பைக்குப் போகும். நான் உலோகத்தின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இது.

சரி, எந்த உலோகம்? பேச்சில் எல்லாவற்றையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகும். மீன்வலையில் கட்டும் குண்டு காரீயம், அதற்கு 327 டிகிரி வேண்டும். இரண்டையும் வெள்ளீயம் 63, காரீயம் 37 என்ற கணக்கில் கலந்தால் வேடிக்கையாக 183 டிகிரியிலேயே உருகிவிடும். டிவி ரிப்பேர் கடையில் பற்றவைக்கும் கம்பி பல காலம் இந்தக் கலவைதான்.

பழைய பொம்மைச் சிப்பாய்களில் காரீயம் தாராளமாக உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் ஹில்பெர்ட் குடும்பத்தார் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றார்கள். பலகைக் கல்லில் குழிவாகச் செதுக்கிய இரண்டு அச்சுகளை எதிரெதிரே வைத்து நடுவில் ஊற்றுவது அந்த ஊர் முறை. அடுத்த நூற்றாண்டில் அதே ஊரின் ஹைன்ரிக்சன் பட்டறை ஏறக்குறைய 30 மி.மீ. உயரத்தை வழக்கமாக்கியது. இந்த வகைப் பொம்மைகளை லட்சக்கணக்கில் பார்க்க வேண்டுமானால் பவேரியாவில் குல்ம்பாக் ஊரின் பிளாஸன்பர்க் கோட்டையில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் வேறு வழி பிடித்தது. அச்சில் ஊற்றியதும், ஓரம் மட்டும் உறைந்த நொடியில் கவிழ்த்து நடுவிலிருக்கும் குழம்பை வெளியே வடித்துவிடுவார்கள். உள்ளே கூடான சிப்பாய் கிடைக்கும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரை சந்தையைப் பிடித்திருந்த ஜெர்மன் கனப் பொம்மைகள் ஆட்டம் கண்டன. அந்த நிறுவனம் காரீயப் பொம்மைகளை 1966இல் நிறுத்திக்கொண்டது. காரணம் தெரிந்ததுதான்: குழந்தைகள் பொம்மையை வாயில் வைப்பார்கள், காரீயம் மூளையைப் பாதிக்கும்.

அதனால் பழைய கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் காரீயத்தில் வார்க்கலாமா என்று கேட்டால், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். இரத்தத்தில் இவ்வளவு காரீயம் வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பலரும் ஆவியைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். வார்க்கிற சூட்டில் காரீயம் ஆவியாவது சொற்பம். மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடு, பிசிறை அராவும்போது விழும் தூள், அது ஒட்டிய விரலோடு எடுத்துத் தின்னும் முறுக்கு, இவைதான் ஆபத்து. பழைய பேட்டரியை உடைத்து எடுப்பது அதைவிட மோசம். அமிலமும் மற்ற நச்சுகளும் கூடவே வரும்.

மிச்சமிருப்பவை காரீயம் இல்லாத கலவைகள். வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த பியூட்டர் என் தேர்வு. இறுகினாலும் கொஞ்சம் வளையும். வளைந்த துப்பாக்கியை விரலால் நிமிர்த்தலாம். பிஸ்மத் 58, வெள்ளீயம் 42 கலந்தது 138 டிகிரியிலேயே உருகும். உறையும்போது பிஸ்மத் விரியும் குணமுள்ளது என்பதால் அச்சின் நுணுக்கமெல்லாம் கூர்மையாக விழும். தொடக்கக்காரருக்கு இதைத்தான் பலர் சொல்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. கத்தியை நிமிர்த்தப் போனால் கையில் பிடிதான் மிஞ்சும். காரீயமில்லாத பற்றுக்கம்பி இன்னொரு வழி. வெள்ளீயத்தில் துளி செம்பு சேர்ந்தது, 227 டிகிரி. ஆனால் உள்ளே பிசின் ஓடும் கம்பியாக வாங்கிவிடாதீர்கள், புகை கிளம்பும். திடக் கட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

விலை உறைக்கும். உலகச் சந்தையில் வெள்ளீயம் காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் இங்கேதான் முன்னே சொன்ன கணக்கு வருகிறது. ஒரு கிலோ வாங்கினால் 28 மி.மீ. சிப்பாய் சுமாராக எழுபது எண்பது தேறும், 54 மி.மீ. என்றால் பத்துப் பதினைந்துதான். கெட்டது, பிசிறு, அச்சில் ஊற்றும் வாய்க்காலில் உறைந்த துண்டு எதுவும் வீணில்லை. அரைக் கிலோவில் மாதக்கணக்கில் பழகலாம்.

அச்சுக்கு அயர்லாந்தில் கார்க் மாவட்டத்து மக்ரூம் ஊரிலிருந்து வரும் பிரின்ஸ் ஆகஸ்ட் ரப்பர் அச்சுகள் பெயர்பெற்றவை. வீட்டுக்காரர் கையால் வார்ப்பதற்கென்றே செய்தவை: வாய் அகலமாக, கால் தடியாக, துப்பாக்கி உடம்போடு ஒட்டி இருக்கும். தரவழைக்கும் செலவும் சுங்கமும் அச்சு விலைக்குச் சமமாக வந்து நிற்பது தனி வயிற்றெரிச்சல். சூடு தாங்கும் சிலிக்கான் ரப்பர் வாங்கி நீங்களே அச்சு எடுக்கலாம். சாதாரணக் கைவினைச் சிலிக்கான் இந்தச் சூட்டில் சீக்கிரம் வெடித்துப் பொருக்காகிவிடும். டப்பாவில் வெப்ப அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வார்ப்பதில் கை பழக வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது சூடு. உருகிய உலோகத்தில் தீக்குச்சியின் மரமுனையை வையுங்கள். மெல்லப் பழுப்பானால் சரி. வைத்ததும் கருகிப் புகைந்தால் சூடு அதிகம், அச்சு பாழாகும். இரண்டாவது பவுடர். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரையே அச்சுக்குள் தூவி, இரண்டு பாதியையும் தட்டி உதறிவிடுங்கள். அந்த மெல்லிய படலத்தின் வழியாகத்தான் உலோகம் சிப்பாயின் விரல் நுனி வரை ஓடும். உதறாமல் விட்டால் சிப்பாய்க்கு அம்மை போட்டது மாதிரி இருக்கும். மூன்றாவது பொறுமை. அச்சு குளிர்ந்திருக்கும்வரை நல்ல பொம்மை விழாது. முதல் நாலைந்து வார்ப்பு அச்சைச் சூடாக்குவதற்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் துப்பாக்கி முனை நிரம்பவில்லை என்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. முனையிலிருந்து அச்சின் ஓரம் வரை பிளேடால் மயிரிழைக்கு ஒரு கீறல் போட்டால் காற்று வெளியேறும். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைப் பலமாகத் திருகினால் ரப்பர் நசுங்கிச் சிப்பாய் ஒல்லியாவார். தளர விட்டால் சுற்றிலும் அப்பளம் மாதிரி பிசிறு வரும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. உருகிய உலோகத்துக்குள் ஒரு சொட்டு இறங்கினால் நொடியில் ஆவியாகி, கரண்டியில் இருப்பதை முகத்தில் வாரி அடிக்கும். நம் அடுக்குமாடி பால்கனியில் தலைக்கு மேல் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். நான் இதைக் கற்றது ஒரு ஈரத் துண்டிடமிருந்து. நல்லவேளை, சொட்டு கரண்டியில் விழாமல் பக்கத்தில் விழுந்தது. வெறுங்காலோடு நிற்காதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பருத்தி முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. கரண்டியும் சுருள் அடுப்பும் இதற்கென்று தனியாக இருக்கட்டும். காரீயமில்லாத கலவையானாலும் அந்தக் கரண்டி சமையலறைக்குள் திரும்பக் கூடாது.

இனி ரெசின். பாலியூரிதேன் வார்ப்பு ரெசினுக்கு நெருப்பு வேண்டாம் என்பது பெரிய கவர்ச்சி. இரண்டு புட்டி, சம அளவு கலந்து ஊற்றினால் அரை மணிக்குள் பொம்மை கையில். உலோகம் எட்டிப் பார்க்காத நுணுக்கத்தை எல்லாம் பிடிக்கும். சட்டைப் பொத்தானின் ஓட்டை தெரியும். நீங்களே களிமண்ணில் ஒரு சிப்பாயைச் செதுக்கி அதைப் பத்தாகப் பெருக்க நினைத்தால் எனக்கும் ரெசின்தான் தோன்றும். ஆனால் கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணாக இருக்கக் கூடாது. அச்சு எடுக்க ஊற்றும் பிளாட்டினம் வகைச் சிலிக்கான் அதன்மேல் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

சென்னைக்காரருக்கு இதில் வேறொரு சிக்கல். பாலியூரிதேனுக்கு ஈரம் ஆகாது. காற்றிலிருக்கும் நீரோடு சேர்ந்து கரியமில வாயுவை விட்டு நுரைக்கும். ஐப்பசி மழையில் நான் ஊற்றிய ஒரு படைப்பிரிவு முழுவதும் ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. திறந்த புட்டியும் நாளாவட்டத்தில் கெட்டுப்போகும். ஏசி அறையில் செய்யலாம்தான். ஆனால் அதன் ஐசோசயனேட் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது என்பதால் ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் ஈரம் வரும். எபாக்ஸி ரெசின் ஈரத்தை இன்னும் கொஞ்சம் பொறுக்கும், இங்கே கைவினைக் கடையெல்லாம் கிடைக்கிறது. இறுக ஒரு நாள் முழுக்க ஆகும், குமிழி வரும், அதன் ஹார்டனர் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று மனம் சார்ந்தது. ரெசின் சிப்பாயைக் கையில் எடுத்தால் காற்றைத் தூக்குவது போலிருக்கும். வெள்ளீயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏழு மடங்கு. ரெசின் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மேஜையில் மின்விசிறிக் காற்றுக்கு ஆடும் தளபதியிடம் எனக்கு மரியாதை வருவதில்லை.

பிளாஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, நச்சு இல்லை, கால் மணியில் இறுகும், பள்ளிக்கூடப் பிள்ளையோடு உட்கார்ந்து செய்யலாம். ஆனால் சிப்பாயின் கணுக்கால் தாங்காது. அச்சிலிருந்து எடுக்கும்போதே துப்பாக்கி போய்விடும். பண்ருட்டிப் பக்கத்துக் கொலு பொம்மைகளைக் கவனித்துப் பாருங்கள். கை உடம்போடு ஒட்டி இருக்கும், கால் பீடத்தோடு சேர்ந்திருக்கும், கழுத்து தடி. அச்சில் எடுக்கும் மண்ணுக்கும் காகிதக் கூழுக்கும் எது ஒத்துவரும் என்று அறிந்தவர்கள் அமைத்த உருவம் அது. ஐரோப்பியச் சிப்பாய் அச்சு உலோகத்தை நினைத்துச் செய்தது. அதில் பிளாஸ்டர் ஊற்றுவது இட்லித் தட்டில் தோசை வார்ப்பது மாதிரி. கோட்டைச் சுவர், பாறை, பாலம் என்று பின்னணிக்குப் பிளாஸ்டரை விட்டால் ஆள் கிடையாது, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு விஷயம் பலர் யோசிப்பதில்லை. 25 முதல் 28 மி.மீ. சிப்பாய்கள் போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கானவை. உலோகம் குறைவு, ஆனால் கண் தீட்டக் கை நடுங்கக் கூடாது. 54 மி.மீ. அலமாரிக்கு, பிரிட்டன் நிறுவனத்துச் சிப்பாய்களின் அளவும் இதுதான். வெள்ளெழுத்துக்காரருக்கு வரம், பணப்பைக்குச் சாபம். முதல் அச்சு 40 மி.மீ. ஆக இருக்கட்டும் என்பேன். தடியான கைகால், நிரம்புவது எளிது, தீட்டுவதற்கும் இடம் உண்டு.

வண்ணத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: பளபளப்பா, மங்கலா? பழைய பொம்மை முறையில் தட்டையான எனாமல், சிவப்பு என்றால் ஒரே சிவப்பு, கண்ணுக்கு இரண்டு புள்ளி, கன்னத்தில் ரோஸ், மேலே மினுக்கு. ஒரு சிப்பாய்க்கு அரை மணி போதும், எட்டுப் பேர் வரிசையில் நின்றால் அழகு. இன்னொன்று அக்ரிலிக்கில் நிழல், ஒளி, அழுக்கு எல்லாம் காட்டும் மங்கல் முறை. ஒரு ஆளுக்கு ஒரு வாரம் போகும். இரண்டாவதுதான் உயர்ந்தது என்று ஒரு பேச்சு உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையால் வார்த்த தடித்த முகத்தில் நிழல் தீட்டினால் முகம் கழுவாத ஆள் மாதிரி தெரியும். அந்த அச்சுகளுக்கு மினுக்குத்தான் பொருத்தம். ரெசினில் நுணுக்கமாக வந்திருந்தால் மங்கல் முறைக்குப் போகலாம்.

மினுக்குக்கு எனாமல்தான் வேண்டும் என்றும் இல்லை. அக்ரிலிக் பூசி மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் தொண்ணூறு பங்கு வந்துவிடும். எனாமல் காய ஒரு நாள், தின்னர் வாடை, தூரிகை கழுவ டர்பன்டைன் என்று வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும். துணி ஓவியத்துக்கு விற்கும் அக்ரிலிக் உலோகத்தில் தோலாக உரிந்து வரும் என்று புகார் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ப்ரைமர் அடித்திருக்க மாட்டார்கள். பிசிறை அராவி, பவுடரும் எண்ணெயும் போகச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் மெட்டல் ப்ரைமர் அடித்தால் எந்தச் சாயமும் ஒட்டும். மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவையும் தொடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காரீயமில்லாத உலோகத்தைத் தேடி வாங்கிவிட்டு அதன்மேல் காரீயத்தைப் பூசுவதில் அர்த்தமில்லை.

விற்கும் யோசனை இருந்தால் ஒரு வார்த்தை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெரியவர்களின் அலமாரிக்கான சேகரிப்புப் பொருளாக நினைத்துச் செய்வதும், பிள்ளைகளுக்குப் பொம்மையாக விற்பதும் ஒன்றல்ல.

இப்போது என் மேஜையில் நடப்பது இது. பிரிட்டன் நிறுவனத்தின் பழைய பட்டியலில் 67ஆம் எண் பெட்டி, முதலாம் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. நம் ஊர்ப் பெயர் தாங்கிய சிவப்புச் சட்டைக் காலாட்படை. அசல் பெட்டி ஏலத்தில் போகும் விலைக்கு நான் ஆசைப்பட முடியாது. அதனால் அணிவகுத்து நடக்கும் பொதுவான காலாட்படை அச்சு ஒன்றில் எட்டுப் பேரைப் பியூட்டரில் வார்த்து, தொப்பியை அறுத்து எறிந்துவிட்டு, எம்-சீல் உருட்டித் தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழு பேர் தயார். அதிகாரிக்கு மட்டும் வாள் முனை இரண்டு முறை நிரம்பவில்லை. மூன்றாம் முறைக்காகக் கரண்டியில் படுத்திருக்கிறார்.